திருவக்கரை கல்மரம் நோவா காலத்து வெள்ளத்தில் வந்ததா? மாமாவுக்கு என்ன பதில் சொல்வது?

வானூர்வாசி | ஞாயிறு, இரவு 9:40

ஒரு குடும்ப விஷயமும் ஒரு கல் விஷயமும் பின்னிக்கொண்டு கிடக்கின்றன. பிரிக்கத் தெரியாததால் சேர்த்தே எழுதுகிறேன்.

என் தாய்மாமாதான் என்னை வளர்த்தவர். இருபது வருஷத்துக்கு முன்னால் குடியில் மூழ்கி வீட்டையே அழித்துக்கொண்டிருந்தார். ஒரு சபையில் சேர்ந்தார், அன்றோடு பாட்டிலை விட்டார். இன்றைக்கு அத்தை முகத்தில் சிரிப்பு இருக்கிறதென்றால் அந்தச் சபைதான் காரணம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவரைக் கேலி செய்து யாரும் எழுதக் கூடாது.

போன வாரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருவக்கரை கல்மரப் பூங்காவுக்குப் போனோம். மாமா ஒரு பெரிய கல்மரத்தின் மேல் கை வைத்துப் பிள்ளைகளிடம், "இதெல்லாம் ஜலப்பிரளயத்துல அடிச்சுக்கிட்டு வந்த மரம். நோவா காலம். 4,400 வருஷம் ஆகுது" என்றார். என் பெரியவள் ஒன்பதாவது படிக்கிறாள். "போர்டுல 2 கோடி வருஷம்னு போட்டிருக்கே தாத்தா" என்றாள். "அது மனுஷன் எழுதின போர்டும்மா" என்றார் மாமா, கோபம் இல்லாமல்தான்.

ராத்திரி அவள் என்னிடம் வந்து யார் சொல்வது நிஜம் என்று கேட்டாள். 2 கோடி என்றேன். "உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. போர்டை நம்பினேன், அவ்வளவுதான். மாமா ஒரு புத்தகத்தை நம்புகிறார், நான் ஒரு போர்டை நம்புகிறேன். இது எனக்குப் பெரிய வெட்கமாகப் போய்விட்டது.

இன்னொன்று. அந்த மரங்களுக்கு வேர் இல்லை, கிளை இல்லை, பட்டை இல்லை. எல்லாம் படுத்துக் கிடக்கின்றன. வெள்ளம் கொண்டுவந்து போட்ட மாதிரிதான் இருக்கிறது. மாமா சொல்வதில் அந்தப் பாதி சரிதானே?

---

செம்மண்மேடு | ஞாயிறு, இரவு 10:55

சரிதான். உங்கள் மாமா கண்ணால் பார்த்ததைச் சரியாகவே பார்த்திருக்கிறார். வேரும் கிளையும் இல்லாததை வைத்து, அவை வளர்ந்த இடம் வேறு, ஆற்று வெள்ளம் உருட்டிக்கொண்டு வந்து மணலில் புதைத்தது என்றுதான் புவியியலாளர்களும் சொல்கிறார்கள். வெள்ளம் வந்ததா என்பதில் சண்டையே இல்லை. உலகம் முழுவதையும் ஒரே வருஷத்தில் மூடிய ஒரே வெள்ளமா, அல்லது வழக்கமான ஆறுகள் வழக்கமான மழைக்காலங்களில் செய்த வேலையா என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் மரத்தில் இல்லை, மரத்துக்குக் கீழே இருக்கிறது.

நான் நிலத்தடி நீர் வேலையில் இருந்தவன். புதுச்சேரி, வானூர் வட்டாரத்தில் எத்தனையோ ஆழ்துளைக் கிணறு போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மேலே வரும் தூளைப் பார்த்தே எந்த அடுக்கில் இருக்கிறோம் என்று சொல்லிவிடலாம்.

கடற்கரைப் பக்கம் ஆழமாகப் போனால் முதலில் வண்டல், செம்மண். அடுத்து கடலூர் மணற்கல். பொம்மையார்பாளையம், ஆரோவில் பக்கம் மழை அரித்த சிவப்புப் பள்ளங்களில் தெரிவது இதுதான், திருவக்கரை மரங்கள் கிடப்பதும் இதில்தான். அதற்குக் கீழே கடல் கிளிஞ்சல் உள்ள சுண்ணாம்புக்கல்லும் களியும். மணவெளி, கரசூர் என்று நம் ஊர்ப் பெயர்களையே அந்த அடுக்குகளுக்கு வைத்திருக்கிறார்கள். இன்னும் கீழே வழுதாவூர் அடுக்கு. அதுவும் கடல்தான், ஆனால் வேறு கடல். அங்கே அம்மோனைட் கிடைக்கிறது: சுருண்ட ஓடு, உள்ளே கணவாய்க்குச் சொந்தக்கார உயிரி. எல்லாவற்றுக்கும் அடியில் வானூர் குவாரிகளில் வெட்டி எடுக்கிற கருங்கல். அதன் வயது 250 கோடி ஆண்டு அளவில். அதில் எந்த ஓடும் இல்லை, இலையும் இல்லை.

இப்போது யோசியுங்கள். ஒரே வெள்ளம் எல்லாவற்றையும் கலக்கி ஒரே வருஷத்தில் படிய வைத்திருந்தால், வழுதாவூர் அம்மோனைட்டில் ஒன்றாவது கரசூர் சுண்ணாம்புக்கல்லில் கலந்திருக்க வேண்டும். அங்கேயும் கடல்தான், அங்கேயும் ஓடுகள்தான். ஒன்றுகூட இல்லை. இரண்டுக்கும் நடுவில், 6.6 கோடி ஆண்டுக்கு முன், அம்மோனைட் இனமே உலகத்தில் அற்றுப்போயிற்று. அரியலூரிலும் அப்படித்தான், ஐரோப்பாவிலும் அப்படித்தான்.

இதை மட்டும் உங்கள் பெண்ணிடம் சொல்லுங்கள். எண் பிறகு வரட்டும். முதலில் வரிசை.

---

சபைவிசுவாசி | திங்கள், காலை 6:20

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். வானூர்வாசி சகோதரர் மரியாதையோடு எழுதியிருக்கிறார், நானும் அப்படியே கேட்கிறேன். நான் விஞ்ஞானத்துக்கு விரோதி இல்லை, டிப்ளமோ படித்தவன்.

ஒன்று: வெள்ளத்தில் கனமானது கீழே போகும், லேசானது மேலே நிற்கும். அடுக்கு வரிசை அதனாலேயே வரலாமே? இரண்டு: மரம் கல்லாக மாற லட்சக்கணக்கான வருஷம் வேண்டாம், சில வருஷத்திலேயே மாறும் என்று ஜப்பானில் சோதித்தே காட்டியிருக்கிறார்கள். மூன்று: பாறையின் வயதைப் புதைபடிவத்தை வைத்துச் சொல்கிறார்கள், புதைபடிவத்தின் வயதைப் பாறையை வைத்துச் சொல்கிறார்கள். இது சுற்றி வருகிற வாதம் இல்லையா?

---

நெய்வேலி31 | திங்கள், மதியம் 1:15

சுரங்கத்துல 31 வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவன். கனமானது கீழ, லேசானது மேலன்னு எழுதியிருக்கற தம்பிக்கு என் கண்ணால பாத்ததைச் சொல்றேன்.

நெய்வேலியில மேல மண்ணு, மணற்கல்லு, களி எல்லாத்தையும் சக்கர எந்திரம் வெட்டித் தள்ளும். அதுக்குக் கீழதான் பழுப்பு நிலக்கரி. அது என்னது? மரமும் இலையும் மக்கினது. கையில எடுத்தா சில துண்டுல மரத்தோட நார் அப்படியே தெரியும். தண்ணியில மிதக்கற சரக்கு. அது கீழ கிடக்கு, அது மேல கல்லும் மணலும். லேசானது மேல நிக்கணும்னா நிலக்கரி நம்ம தலைக்கு மேல இல்ல இருக்கணும்?

அதுக்கும் கீழ அழுத்தத்தோட தண்ணி நிக்கிது. ராப்பகலா பம்பு ஓடலைன்னா சுரங்கமே முழுகிடும். சும்மா கலக்கி ஊத்தின குட்டையா இருந்தா இப்படி மணல் தனி, களி தனி, கரி தனின்னு நிக்காது. அடுக்கடுக்கா நின்னதுனாலதான் எங்களுக்கு 31 வருஷம் சோறு.

---

செம்மண்மேடு | திங்கள், இரவு 9:05

நெய்வேலி அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த சான்று இதுதான், இதற்கு யாரும் நேராகப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

மகரந்தத் தூள். நம் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் மகரந்த ஆய்வுக்கென்றே ஒரு கூடம் பல ஆண்டுகளாக இருக்கிறது. தூளின் ஓடு அமிலத்துக்கும் அசையாது, கோடிக்கணக்கான ஆண்டு கல்லுக்குள் கிடக்கும். நெய்வேலி பழுப்பு நிலக்கரியை அரைத்துப் பார்த்தால் பூக்கிற தாவரங்களின் மகரந்தம் நிறைய இருக்கிறது. தெலங்கானாவின் சிங்கரேணி நிலக்கரியை அரைத்துப் பாருங்கள். அது 25 கோடி ஆண்டுக்கும் பழையது. அதில் தூள்கள் உண்டு, பூக்கிற தாவரத்துடைய தூள் மட்டும் இல்லை. அப்போது உலகத்தில் பூவே இல்லை.

இரண்டும் கண்ணுக்குத் தெரியாத தூள், ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே எடை. காற்றில் பறக்கும், தண்ணீரில் மிதக்கும். எந்த வெள்ளம் ஒரு தூளை மட்டும் சலித்துச் சிங்கரேணியிலும் இன்னொன்றை நெய்வேலியிலும் போடும்? எடையை வைத்துப் பிரிக்க முடியாது. காலம்தான் பிரித்திருக்கிறது.

ஜப்பான் சோதனை உண்மை. வெந்நீர் ஊற்றில் போட்ட மரம் 7 ஆண்டுக்குள் கணிசமாகச் சிலிக்கா (மணலில் இருக்கிற அதே பொருள்) ஏறிக் கல்லாகத் தொடங்கியது. அதை நான் மறுக்கவில்லை, எந்தப் புவியியலாளரும் மறுக்க மாட்டார். ஆனால் ஒரு மரம் கல்லாக எடுத்த காலம் வேறு, கல்லான பிறகு அங்கே கிடக்கிற காலம் வேறு. செங்கல் சுட ஒரு வாரம் ஆனது என்பதால் வீட்டுக்கு ஒரு வார வயது ஆகிவிடாது. 2 கோடி என்பது கல்லாக எடுத்த காலம் இல்லை.

மூன்றாவது கேள்வி நல்ல கேள்வி, பல பாடப்புத்தகங்கள் இதை விளக்காமல் விட்டுவிடுகின்றன. வரிசை முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. 1669-ல் ஸ்டெனோ, கீழே இருப்பது மூத்தது என்ற விதியைச் சொன்னார். இங்கிலாந்தில் வில்லியம் ஸ்மித் கால்வாய் வெட்டும் வேலையில் ஒவ்வொரு அடுக்குக்கும் அதற்கே உரிய ஓடுகள் இருப்பதைப் பார்த்து 1815-ல் வரைபடமே போட்டார். நம் பாண்டிச்சேரிப் பக்கத்து ஓடுகளை லண்டனில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-ல் விவரித்து, கிரெட்டேசியஸ் (டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதி) காலத்தவை என்று எழுதினார். டார்வின் புத்தகம் வர அப்போது இன்னும் 13 ஆண்டு இருந்தது. இவர்கள் யாருக்கும் எத்தனை ஆண்டு என்று தெரியாது. எது முன், எது பின் என்று மட்டும் தெரியும்.

எண் 20-ஆம் நூற்றாண்டில் வந்தது, புதைபடிவத்தைத் தொடாமல் வந்தது. எரிமலைச் சாம்பலில் ஸிர்க்கான் என்று ஒரு பொடிப் படிகம் இருக்கும். உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே எடுக்கும், ஈயத்தை அநேகமாக எடுக்காது. யுரேனியம் மாறாத வேகத்தில் ஈயமாகிக்கொண்டே வரும். இரண்டும் எவ்வளவு என்று அளந்தால் வயது. ஓடுகளுள்ள அடுக்குக்கு மேலும் கீழும் சாம்பல் இருக்கிற இடங்களில் அளந்தார்கள். ஓடுகள் சொன்ன வரிசையும் எண்கள் சொன்ன வரிசையும் ஒத்துப்போயின. இதில் சுற்று எங்கே இருக்கிறது? ஒன்றையொன்று பார்க்காத இரண்டு சாட்சிகள் இவை. பூமிக்கு மொத்தம் ஏறக்குறைய 455 கோடி ஆண்டு என்று கிளேர் பேட்டர்சன் 1956-ல் விண்கல்லின் ஈயத்தை வைத்துச் சொன்னார். இன்றுவரை அந்த எண் பெரிதாக மாறவில்லை.

திருவக்கரை போர்டைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். கடலூர் மணற்கல்லில் நேரடியாக அளக்கத் தோதான சாம்பல் எளிதில் அகப்படாது. மகரந்தம், அடியில் உள்ள கடல் படிவுகள் இவற்றை வேறு இடத்து அடுக்குகளோடு ஒப்பிட்டு வந்த வயது அது. 2 கோடி என்பது ஒரு முழு எண், கொஞ்சம் முன்பின் இருக்கலாம். ஆனால் 4,400 ஆண்டு சரியாக இருக்க வேண்டுமானால் அது 4,500 மடங்கு தவறாக இருக்க வேண்டும்.

---

முத்தியால்பேட்டை டீச்சர் | செவ்வாய், காலை 7:10

நான் கத்தோலிக்கப் பெண், மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் எடுக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வியும் எடுக்கிறேன். இரண்டு வகுப்பிலும் நான் ஒரே ஆள்தான், இரண்டு விதமாகப் பேசுவதில்லை.

செம்மண்மேடு சொன்ன ஸ்டெனோ யார் தெரியுமா? பின்னாளில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டவர். அடுக்குகளின் விதியைச் சொன்னவரே ஒரு ஆயர்! 1950-லேயே திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், மனித உடல் எப்படித் தோன்றியது என்ற ஆய்வு நடக்கட்டும் என்று சுற்றுமடலில் இடம் கொடுத்துவிட்டார். 1996-ல் இரண்டாம் ஜான் பால் இன்னும் தெளிவாகவே பேசினார். பிரபஞ்சம் விரிகிறது என்று சொன்ன லெமேத்தர் ஒரு குருவானவர்.

மாமாவின் 4,400-க்கு அடிப்படையான, உலகத்துக்கு 6,000 ஆண்டு என்ற கணக்கு திருவிவிலியத்தில் எங்கும் எழுதப்படவில்லை. வம்ச வரலாறுகளில் உள்ள வயதுகளைக் கூட்டி, அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650-ல் போட்ட கணக்கு. அவர் கி.மு. 4004 என்றார். தம் காலத்தில் கிடைத்த ஏடுகளைக் கொண்டு உழைத்த பெரிய அறிஞர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதுவும் மனிதன் போட்ட கணக்குத்தான். உங்கள் மாமா போர்டைப் பற்றிச் சொன்ன அதே சொல் இதற்கும் பொருந்தும் இல்லையா?

இதை மாமாவிடம் வாதமாக வைக்காதீர்கள் தம்பி. அவரைக் காப்பாற்றியது ஒரு நம்பிக்கை. 4,400 என்ற எண் உருவப்பட்டால் அந்த நம்பிக்கை முழுக்கச் சரிந்துவிடும் என்று அவருக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பயம்தான் அவரைப் பேச வைக்கிறது. எனக்கு அந்தச் சொல்லிக் கொடுத்தவர்கள் மேல்தான் கோபம்.

---

முதுநகர்க்காரன் | செவ்வாய், மாலை 5:30

கடலூரிலிருந்து. எங்கள் வீட்டுப் பூஜையில் ஆயா வைத்திருந்த சாளக்கிராமம் இருக்கிறது. உடைந்த பக்கத்தில் சக்கரம் தெரியும். அது இமயமலை கண்டகி ஆற்றில் வருகிற அம்மோனைட் என்று காலேஜில் தெரிந்துகொண்டேன். நம் முன்னோர் பிரம்மாவின் ஒரு பகலான கல்பம் 432 கோடி ஆண்டு என்றார்கள், பூமியின் வயதுக்குக் கிட்ட வருகிறதே! நமக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

---

செம்மண்மேடு | செவ்வாய், இரவு 8:45

முதுநகர்க்காரரே, உங்கள் ஆயாவின் சாளக்கிராமத்தை நான் கும்பிடுவேன். ஆனால் மாமாவிடம் ஒரு அளவுகோலும் நம்மிடம் இன்னொரு அளவுகோலும் வைக்கக் கூடாது. கல்பக் கணக்கு பாறையை அளந்து வந்ததில்லை. அதே கணக்கில் கலியுகம் கி.மு. 3102-ல் தொடங்குகிறது, அன்றைக்கு எந்தப் பாறையிலும் எதுவும் மாறவில்லை. எண் கிட்ட வந்ததால் அறிவியல் என்றால், அஷர் கணக்கு தள்ளி வந்ததால் மட்டும்தான் தவறு என்று ஆகிவிடும். அளந்தார்களா என்பதுதான் கேள்வி.

இமயத்தின் உச்சிப் பக்கம் கடல் ஓடு எப்படி ஏறியது என்று வேண்டுமானால் பேசுவோம். கடலடி மண் மலையாக எழும்ப எவ்வளவு காலம் வேண்டும் என்று அந்தச் சாளக்கிராமமே சொல்லும்.

---

சபைவிசுவாசி | செவ்வாய், இரவு 10:30

மகரந்தத்தைப் பற்றி நான் கேள்விப்பட்டதில்லை. விசாரிக்கிறேன். டீச்சர் அக்கா சொன்ன அஷர் விஷயமும் எங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் வம்ச வரலாறு வேதத்தில் இருக்கிறதே.

இரண்டு கேள்வி மட்டும் மிச்சம். டைனோசர் எலும்பில் மிருதுவான திசு கிடைத்தது என்று 2005-ல் வந்ததே? கோடி வருஷம் திசு நிற்குமா? நிலக்கரியில் கார்பன்-14 என்கிற, தானாகவே சிதைந்து குறைகிற கார்பன் இருக்கிறது என்கிறார்களே? கார்பன்-14 லட்சம் வருஷம்கூடத் தாங்காதே?

---

செம்மண்மேடு | செவ்வாய், இரவு 11:50

விசாரிக்கிறேன் என்று எழுதினீர்களே, அதற்கு நன்றி.

திசுவைக் கண்டுபிடித்த மேரி ஷ்வைட்சர் விசுவாசமுள்ள கிறிஸ்தவர். அந்த எலும்பு 6.8 கோடி ஆண்டு பழையது என்பதில் அவருக்கே சந்தேகமில்லை, தம் ஆய்வை இளம் பூமிக்குச் சான்றாகக் காட்டுவதை அவர் ஏற்கவில்லை. இரத்தத்தின் இரும்பு திசுவைப் பதப்படுத்தியிருக்கலாம் என்று பிறகு சோதித்தும் காட்டினார். திசு இவ்வளவு நாள் நிற்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, அது உண்மை. நாம் கற்றுக்கொண்டது திசுவைப் பற்றி. எலும்பைச் சுற்றிய பாறையின் வயது அதனால் மாறவில்லை.

கார்பன்-14 கணக்கை நீங்களே போடுங்கள். அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகிற காலம், 5,730 ஆண்டு. நெய்வேலி நிலக்கரி 4,400 ஆண்டுக்கு முன் புதைந்த மரம் என்றால், அரை ஆயுள்கூட முடியவில்லை. முதலில் இருந்ததில் 58, 59 சதவீதம் இன்றும் இருக்க வேண்டும். பழைய நிலக்கரிகளில் கிடைப்பதாகச் சொல்வது ஒரு சதவீதத்திலும் சிறு பங்கு, கருவியும் கையாளும் முறையும் சேர்க்கிற மாசு அளவு. 58 எங்கே, அது எங்கே.

வெள்ளத்துக்கு முன் காற்றில் கார்பன்-14 குறைவாக இருந்தது என்று சிலர் சொல்வதுண்டு. அதற்கு மர வளையங்கள் பதில். ஐரோப்பாவில் ஒரு மரத்தின் வளையத்தை அடுத்த மரத்தின் வளையத்தோடு பொருத்திப் பொருத்தி 12,000 ஆண்டுக்கு மேல் அறுபடாமல் எண்ணியிருக்கிறார்கள். அந்த வளையங்களில் கார்பன்-14-ஐ அளந்திருக்கிறார்கள். 4,400-ஆம் ஆண்டைத் தாண்டும்போது அந்தச் சங்கிலி அறுபடவில்லை. உலகமே முழுகியிருந்தால் அங்கே அறுந்திருக்க வேண்டும்.

---

வானூர்வாசி | அடுத்த ஞாயிறு, இரவு 8:20

இன்று மறுபடி போனோம். மாமா, நான், பெரியவள். எதையும் நிரூபிக்கிற எண்ணத்தோடு போகவில்லை, டீச்சர் அக்கா சொன்னபடி வாயை மூடிக்கொண்டுதான் போனேன்.

போகிற வழியில் குவாரி ஓரமாக வண்டியை நிறுத்திக் கருங்கல்லைக் காட்டினேன். இதில் ஓடு எதுவும் இல்லை என்று மட்டும் சொன்னேன். பிறகு வழுதாவூர் பக்கம் போய் ஒரு வயல் வரப்பில் மழை கழுவிய கிளிஞ்சல் துண்டுகளைப் பார்த்தோம். எடுக்கவில்லை, பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிட்டோம். அவருக்குக் கடல் இவ்வளவு தூரம் வந்ததில் ஆச்சரியம் இல்லை, வெள்ளம்தானே என்றார். கடைசியாகத் திருவக்கரை.

பெரியவள்தான் கேட்டாள். "தாத்தா, வெள்ளம் கடல்ல இருந்துதானே வந்துச்சு? அப்போ அங்க பாத்த கிளிஞ்சல்ல ஒண்ணாவது இந்த மரத்தோட கிடக்கணும்ல?" அவர் குனிந்து மரத்தைச் சுற்றிலும் தேடினார். நிஜமாகவே தேடினார், பத்து நிமிஷம் இருக்கும். கூழாங்கல்லும் மணலும்தான். ஒன்றும் சொல்லவில்லை.

வெளியே வந்து டீ குடிக்கும்போது, "இது எந்த மரம்னு தெரியுமாடா?" என்றார். புளிக் குடும்பத்து மரங்களும் இதில் இருப்பதாகச் சொல்கிறார்கள் என்றேன். ரொம்ப நேரம் டீயைக் கையில் வைத்திருந்தார். "நம்ம வீட்டு வாசல்ல நிக்கிற அதே புளியா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

---

செம்மண்மேடு | ஞாயிறு, இரவு 9:30

அதே புளி இல்லை. புளியும் அவரையும் கொன்றையும் சேர்ந்த பெரிய குடும்பம் அது, அதைச் சேர்ந்த பழைய மரங்கள். மரத்துண்டை மெல்லிய தகடாக அறுத்து நுண்ணோக்கியில் நாளங்களைப் பார்த்துத்தான் எந்தக் குடும்பம் என்று சொல்கிறார்கள். மாமாவுக்கு ஆசை இருந்தால் அரியலூர்ப் பக்கம் சாத்தனூருக்கும் கூட்டிப் போங்கள். அங்கே 18 மீட்டர் நீளக் கல்மரம் ஒன்று கடல் படிவுக்குள்ளேயே கிடக்கிறது, சுற்றிலும் ஓடுகளோடு. அவர் இன்று தேடியது அங்கே கிடைக்கும். அது திருவக்கரை மரத்தை விடப் பல கோடி ஆண்டு மூத்தது, அதில் புளிக் குடும்பத்தை எதிர்பார்க்க வேண்டாம்.